படப்பெட்டி வரும் வழி

1991-ஆம் ஆண்டு ரமோன் மகசேசே விருது பெற்றவர்களில் ஒருவர் கே.வி. சுப்பண்ணா. கன்னட நாடக உலகில் பெரிய பெயர். ஆனால் அவருக்கு விருது தரப்பட்டதற்கான குறிப்பில் நாடகத்துக்கு முன்னால் நிற்பது சினிமா. உலகின் மிகச் சிறந்த திரைப்படங்களால் கிராமத்துக் கர்நாடகத்தை வளப்படுத்தினார் என்பது முதல் காரணம். மேடை நாடகம் அதற்கடுத்துத்தான் வருகிறது. சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அவருடைய ஊரான ஹெக்கோடு. 1949-இல் அங்கே தொடங்கப்பட்ட நாடகச் சங்கம்தான் நீனாசம். அது 1973-இல் ஒரு திரைப்படச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டது. எழுபதுகள் முடிவதற்குள் சத்யஜித் ராய், குரோசாவா, டி சிகா ஆகியோரின் படங்களை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். பக்கத்துப் பெருநகரங்களில் இருந்த பட்டதாரிகளில் பெரும்பாலோர் அப்போது அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

இதை ஒரு தனிமனிதரின் சாதனைக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. எனக்கு இது ஒரு வழக்கில் கிடைத்த சாட்சியமாகப் படுகிறது. ‘உலக சினிமா சாதாரண ஜனங்களுக்குப் புரியாது, பிடிக்காது, அது படித்தவர்கள் சமாச்சாரம்’ என்று நம் சினிமாப் பேச்சில் விசாரணையே இல்லாமல் ஒரு தீர்ப்பு புழங்கிக்கொண்டிருக்கிறது. வணிகத் தயாரிப்பாளர் தன் படத்துக்குச் சமாதானமாக இதைச் சொல்வார். கலைப்பட ரசிகர் தன் பெருமைக்காக இதையே சொல்வார். இரண்டு பேருக்கும் இந்தத் தீர்ப்பு வசதியானது. ஊர் கூடி நடத்திய திரைப்பட விழாக்களின் வரலாற்றைப் புரட்டினால் இது நிற்காது என்பதே என் வாதம். தடையாக இருந்தது ரசனை இல்லை. படப்பெட்டி எந்த வழியாக வந்தது, யார் காசில் வந்தது, வந்த பிறகு அதைப் பற்றி எந்த மொழியில் பேசினார்கள் என்ற ஏற்பாடுகள்தான் தடையாக இருந்தன. ஏற்பாட்டை மாற்றிய இடங்களில் பார்வையாளரும் மாறினார்.

உலக சினிமா இங்கே நகரத்துப் பண்டமானது எப்படி என்று பார்த்தால் இது விளங்கும். 1947-இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1952-இல் மத்திய அரசு நடத்திய முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி சென்னை, டெல்லி, கல்கத்தா என்று சுற்றியது. டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தை இந்தியப் பார்வையாளர்கள் பரவலாகக் கண்டது அப்போதுதான். 1959-இல் கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை முதலிய ஊர்ச் சங்கங்கள் கூடி ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ராய் அதன் தலைவர். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் படம் பார்க்க ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும். படத்துக்கு ஆங்கிலத் துணைத்தலைப்பு, கையில் தரும் அறிமுகத் தாள் ஆங்கிலம், படம் முடிந்தபின் பேச்சும் ஆங்கிலம். வாசலில் இத்தனை பூட்டுகளைப் போட்டுவிட்டு, உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணி, இந்த ஊரில் ரசனை உள்ளவர்கள் இவ்வளவுதான் என்று கணக்குச் சொன்னால் எப்படி?

படங்கள் வந்த வழியும் கவனிக்க வேண்டிய ஒன்று. விநியோக உரிமை வாங்கி வெளிநாட்டுப் படங்களைத் தருவிக்கும் வசதி எந்தச் சங்கத்துக்கும் இருந்ததில்லை. அவை பெரிதும் நம்பியிருந்தது தூதரகங்களை. சோவியத் யூனியன், போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா ஆகிய நாட்டுத் தூதரகங்களும் ஜெர்மன், பிரெஞ்சுப் பண்பாட்டு மையங்களும் இலவசமாகத் தந்த பிரதிகள்தான் ஊர் ஊராகச் சுற்றின. அந்தத் தலைமுறையின் ‘உலகம்’ கிழக்கு ஐரோப்பாவில் தொடங்கிப் பாரிஸில் முடிந்ததற்குக் காரணம் இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து செம்பேன் உஸ்மான் எடுத்த படங்களை எத்தனை சங்கங்கள் அப்போது திரையிட்டிருக்கும்? செனகலுக்கு இங்கே பிரதி கொடுத்து உதவும் வசதி இல்லை. ஆகவே நம் ரசிகருக்கு ஆப்பிரிக்க சினிமா என்ற ஒன்றே இல்லை. தேர்ந்த ரசனை என்று நாம் மதித்துவந்ததில் ஒரு பங்கு பனிப்போர்க் காலத்துப் பண்பாட்டுத் துறைகள் அனுப்பிவைத்தது. இதைச் சொல்வது அந்தச் சங்கங்களைக் குறை கூற அல்ல. ரசனையை இயற்கையின் கொடை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹெக்கோட்டில் இந்தப் பூட்டுகள் வேறு விதமாகத் திறக்கப்பட்டன. படங்கள் புனேவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடங்களிலிருந்து வந்தன. காப்பகத்தின் பி.கே. நாயரும் திரைப்படக் கல்லூரிப் பேராசிரியர் சதீஷ் பகதூரும் அந்த ஊருக்கே வந்து ரசனை வகுப்பு எடுத்தார்கள். சுப்பண்ணா சினிமாவைப் பற்றிக் கன்னடத்தில் எழுதினார். படத்துக்கு முன்னால் அறிமுகமும் பின்னால் பேச்சும் கன்னடத்தில் நடந்தன. கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவை கெடாதா என்று இன்றைய ரசிகர் கேட்பார். யட்சகானம் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கர்ணன் சாகப்போவது எல்லோருக்கும் தெரியும். இந்த ராத்திரி, இந்த ஆட்டக்காரர் அதை எப்படிக் காட்டப்போகிறார் என்று பார்க்கத்தான் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார்கள். நம் தெருக்கூத்துப் பார்வையாளரும் அதே ரகம். கதை தெரிந்தவருக்குக் கண் ஓய்வாகிறது. அவர் முகத்தைப் பார்ப்பார், வெளிச்சத்தைப் பார்ப்பார். திரைப்படக் கல்லூரி மாணவனுக்குப் பாடம் நடத்தி உண்டாக்கும் பார்வை கூத்துப் பார்வையாளரிடம் பாதி வழி ஏற்கெனவே வந்து நிற்கிறது.

கருவியும் ஒரு வகையில் உதவியது. சங்கங்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது 16 மி.மீ. படச்சுருள். அது நிமிடத்துக்கு 36 அடி ஓடும். பெரிய சுருள் 1,600 அடி, அதாவது சுமார் 44 நிமிடம். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ 89 நிமிடப் படம்; ஏறக்குறைய 3,200 அடி, இரண்டு பெரிய சுருள். ஒரே ஒரு புரொஜெக்டரை வைத்து ஓட்டும் இடத்தில் நடுவில் படம் நின்றாக வேண்டும். விளக்கைப் போட்டு, ஓடிய சுருளைக் கழற்றி, அடுத்ததைப் பற்களில் கோத்து, மறுபடி ஓட்ட வேண்டும். சின்னச் சுருள்களாக வந்துவிட்டால் இன்னும் பல தடவை. அரங்கின் நடுவிலேயே கருவி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். நகரத்து ரசிகருக்கு இதெல்லாம் இடைஞ்சல். ஊர்க்கூட்டத்துக்கோ அந்த ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளக் கிடைத்த நேரம்: இதுவரை என்ன நடந்தது, அவன் ஏன் அப்படிச் செய்தான், நீயாக இருந்தால் என்ன செய்வாய்.

அந்தப் படத்தின் முதல் சுருளிலேயே ஒரு காட்சி. நாயகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை, சைக்கிளோ அடகில். மனைவி மரியா கட்டிலின் மேல் விரித்திருக்கும் விரிப்புகளை உருவி எடுக்கிறாள். அவற்றை அடகு வைத்து சைக்கிளை மீட்கிறார்கள். அடகுக்கடை ஆள் அந்த மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான். அங்கே கூரை வரைக்கும் அலமாரி. அடுக்கடுக்காக மற்ற வீடுகளின் விரிப்பு மூட்டைகள். அவன் ஏணியில் ஏறுவதுபோல் தட்டுத்தட்டாக ஏறி, உச்சியில் ஒரு சந்தில் இவர்களுடைய மூட்டையைத் திணிக்கிறான். வசனம் கிடையாது. ரோம் நகரம் முழுவதும் தன் படுக்கையை அடகு வைத்துவிட்டது என்பதை டி சிகா இப்படிச் சொல்கிறார். பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு அடகுக்கடைப் படியேறிய அனுபவம் உள்ள ஒரு ஊரில் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படுமா? தேவைப்படுவது அடகுக்கடையே பார்த்திராத ரசிகருக்குத்தான். அவர்தான் ‘நியோரியலிசம்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஹெக்கோடு சாதாரண ஊர் அல்ல; கால் நூற்றாண்டு நாடகம் பார்த்துப் பழகியிருந்த ஊர். அதுபோலவே கேரளத்தைக் காட்டினால், அங்கே எழுத்தறிவும் நூலக இயக்கமும் முன்பே வேரூன்றியிருந்தன. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா சங்கத்தைத் தொடங்கிய பின் பிற சங்கங்கள் பரவியது அந்த நிலத்தில்தான். ஆக இவை விதிவிலக்குகள் என்று சொல்லலாம். இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். பார்வையாளர் உருவாக்கப்படுகிறவர் என்பதைத்தான் இதுவும் காட்டுகிறது. மீதிப் பாதிக்கு கோரக்பூர் பதில் சொல்லும். கிழக்கு உத்தரப்பிரதேசத்தின் அந்த ஊரில் சங்க மரபும் இல்லை, நூலக மரபின் அடித்தளமும் இல்லை. 2006 மார்ச் 23 அன்று, பகத் சிங் தூக்கிலிடப்பட்டதன் நினைவு நாளில், ஜன் சம்ஸ்கிருதி மஞ்ச் என்ற பண்பாட்டு அமைப்பைச் சேர்ந்தவர்கள் அங்கே ஒரு விழா தொடங்கினார்கள். ‘பிரதிரோத் கா சினிமா’, எதிர்ப்பின் சினிமா என்று பெயர். அரசுப் பணம் வேண்டாம், நிறுவன விளம்பரம் வேண்டாம், தொண்டு நிறுவன நிதியும் வேண்டாம். வருகிறவர்கள் தருவது போதும் என்பது விதி. அந்த விதியோடு அது லக்னோ, பாட்னா, நைனிதால், உதய்பூர் என்று பல ஊர்களுக்குப் பரவியது.

இந்த இயக்கத்தார் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் படங்களில் ஒன்று நார்மன் மெக்லாரன் 1952-இல் கனடாவில் எடுத்த ‘நெய்பர்ஸ்’. எட்டே நிமிடம், பேச்சு கிடையாது. இரண்டு பேர் அடுத்தடுத்து நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பூ முளைக்கிறது. வாசனை பிடித்து மயங்குகிறார்கள், பிறகு அது யார் பக்கம் என்று கோடு போடுகிறார்கள், வேலி நடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் வீடும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. இரண்டு சவக்குழிகளின் மேலும் ஒவ்வொரு பூ. நம் ஊரில் இதற்கு வரப்புத் தகராறு என்று பெயர். கோர்ட்டில் முப்பது வருஷம் நடக்கும். ‘உலக சினிமா’ என்று சொன்னால் கண்ணைச் சுருக்குகிறவர் இந்தப் படத்தின் முன் சுருக்க முடியாது. பிற பண்பாட்டுப் படத்தைத் தேர்ந்தெடுப்பதில் இப்படி ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முதல் நாளே தார்க்கோவ்ஸ்கியைப் போட்டுவிட்டு ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று வருந்தும் அமைப்பாளர்களைக் குற்றம் சொல்ல வேண்டுமே தவிர ஜனங்களை அல்ல.

காசு விஷயத்தில் கோரக்பூர்க்காரர்களுக்கு முன்னோடி ஜான் ஆபிரகாம். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்தவர். வெங்கட் சாமிநாதன் எழுதிய அந்தப் படம் தமிழுக்கான தேசிய விருது பெற்றது, ஆனால் முறையான திரையரங்க வாழ்வு அதற்கு அமையவில்லை. விருது வேறு, திரை வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1984-இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ‘ஒடேஸா’ அமைப்பை அவர் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, துண்டேந்தி, ஜனங்கள் போட்ட சில்லறையில் ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார்கள். எடுத்த படத்தை மறுபடி அந்த ஊர்களுக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜான் இறந்துவிட்டார். ஒரே கதைப்படத்தோடு நின்ற முயற்சி தோல்விதானே என்று கேட்கலாம். பொருளாதாரக் கணக்கில் அப்படித்தான். ஆனால் சாப்ளினுக்கு ஒரு ரூபாய் போட்டவரே இன்னொரு படத்துக்குப் பங்காளி ஆகலாம் என்று காட்டியது அந்தக் கணக்கில் சேராது. பார்வையாளர் என்ற சொல்லுக்கே அங்கே அர்த்தம் மாறிவிட்டது.

துண்டேந்தி எத்தனை பேருக்குப் படம் காட்டிவிட முடியும்? இது நான் லேசாகத் தள்ள விரும்பாத கேள்வி. 1994-இல் கோழிக்கோட்டில் தொடங்கி இப்போது திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா அரசு அமைப்பான சலச்சித்ர அகாதமியின் பொறுப்பில் நடக்கிறது; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்து வருகிறார்கள். போட்டிப் பிரிவை ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்ற மூன்று கண்டங்களுக்கு ஒதுக்கி, பழைய தூதரகக் காலத்துக் கோணலை அது நிமிர்த்தியது. சொந்த நாட்டில் பெரிய வசூல் காணாத கொரிய இயக்குநர் கிம் கி-டுக், 2013-இல் விருந்தினராக வந்தபோது திருவனந்தபுரத்தில் நட்சத்திரம்போல் மொய்க்கப்பட்டார். இந்த அளவு ஒரு உண்டியலால் வராது. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களை உண்டாக்கியது அரசு அல்ல. முப்பது வருடம் வாசகசாலைகளில் படம் ஓட்டிய சின்னச் சங்கங்கள். அரசு விளைந்த வயலில் அறுவடை செய்தது. தவறில்லை, அறுவடைக்கும் ஆள் வேண்டும்.

அரசுக் கூரைக்கு வாடகை உண்டு. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் காட்ட விலக்கு தர வேண்டியது மத்திய அரசு. 2004-ஆம் ஆண்டு மும்பை ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கேட்கப்பட்டதில் எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக, ஆவணப்படக்காரர்கள் திரண்டு ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை அதே நாட்களில் பக்கத்திலேயே பூபேஷ் குப்தா பவனில் நடத்தினார்கள். 2017-இல் கேரள ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் தற்கொலை செய்துகொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலாவைப் பற்றியது. சிறு விழாக்களுக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனாலும் இருநூறு பேர் கூடும் மண்டபத்தை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று கிடைக்கும். பத்தாயிரம் பேர் விழாவுக்கு அடுத்த தெரு கிடையாது. ஆகவே எல்லா விழாவும் வளர்ந்து பெரிதாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. பெரியது ஒன்று, சின்னது ஐம்பது என்று இருப்பது உத்தமம்.

ஒரு பழைய கேலியும் பாக்கி இருக்கிறது: சங்கத்துக்கும் விழாவுக்கும் கூட்டம் வந்ததே வெட்டாத படம் பார்க்கத்தான் என்பது. பொய்யில்லை. எழுபது எண்பதுகளில் சந்தா கட்டியவர்களில் அப்படி வந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். திரைப்படச் சங்கக்காரர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சாமிக்காகவா வருகிறார்கள்? சுண்டலுக்கு வந்தவன் தேவாரம் கேட்டுவிட்டுப் போவதும் உண்டு. எதற்காக வந்தான் என்பதைவிட, எதற்காக மறுபடி வந்தான் என்பதே கேள்வி.

இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது விழா எதற்கு என்பது புதிய மறுப்பு. கிடைப்பது உண்மை, ஆனால் பழைய பூட்டு ஒன்று அப்படியே தொங்குகிறது. ஈரானியப் படத்துக்கோ செனகல் படத்துக்கோ தமிழில் துணைத்தலைப்பு எத்தனை தளங்களில் இருக்கிறது? மலையாளிகள் ‘எம்சோன்’ என்ற தன்னார்வக் குழு அமைத்துப் பத்தாண்டுக்கு மேலாகப் பிறமொழிப் படங்களுக்கு மலையாளத் துணைத்தலைப்பு எழுதிக் குவித்திருக்கிறார்கள். தமிழில் அந்த அளவு ஒரு கூட்டு முயற்சி உருவாகவில்லை. ஆனால் 1998 முதல் மதுரையில் அமுதன் ஆர்.பி.யும் ‘மறுபக்கம்’ நண்பர்களும் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா வேறொரு கைம்முதலை நம்பியது: படம் முடிந்ததும் தமிழில் பேச்சு. மதுரைத் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் வேலையைப் படமாக்கிய அமுதனின் ‘பீ’ போன்ற படத்தைத் தனியாகக் கைப்பேசியில் பார்ப்பவர் இரண்டாவது நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போகலாம். நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போக வேண்டுமென்றால் நாற்பது பேர் பார்க்க எழுந்து போக வேண்டும்.

இந்த விழாக்களின் ஆதரவாளர்கள் பேச விரும்பாத விஷயம் ஒன்று உண்டு. அயல்நாட்டுப் படங்களில் பல, உரிமை வாங்காமல், எங்கிருந்தோ இறக்கிய கோப்பிலிருந்து ஓட்டப்படுகின்றன. கட்டணம் வாங்கவில்லை, லாபம் இல்லை என்பது சமாதானம். இறந்துபோன மேதையின் படம் என்றால் மனம் சமாதானப்படும். தன் அடுத்த படத்துக்குக் காசில்லாமல் நிற்கும் சுயாதீன இயக்குநரின் படம் என்றால்? சுயாதீன சினிமாவைக் கொண்டாடும் மேடை அவருடைய வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது முறையில்லை. இந்திய ஆவணப்படங்களுக்குச் சிறு விழாக்கள் ஒரு வழி வைத்திருந்தன. இயக்குநர் படத்தோடு வருவார், பதில் சொல்வார், வாசலில் புத்தகக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, நூறு இருநூறு ரூபாய்க்கு டிவிடி விற்பார். படம் பிடித்தவர் ஒன்று வாங்கிப்போய்த் தன் கல்லூரியில், தன் சங்கத்தில் போடுவார்; அப்படித்தான் அடுத்த விழா முளைத்தது. மடிக்கணினிகளில் டிவிடி போடும் வாயே இல்லாமல் போய்விட்டது. புத்தக மேசை இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்தில் இயக்குநர் நின்றுகொண்டிருக்கிறார், படம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவருக்கு யூடியூப் இணைப்பை அனுப்புவதாகச் சொல்லிக் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்கிறார்.